வறுமையும் பெருமிதமும்: ‘ஸ்பைடர்மேன் 2’ திரைப்படம் – ஒரு மறுநோக்கு

முன்னுரை

ஒரு படைப்பின்மீது இளமையில் எழுந்த விருப்பம் அப்படைப்பின் தகுதியால் எழுந்ததா, நுகர்ந்தவரின் பருவத்தால் எழுந்ததா என்னும் வினா திறனாய்வாளர் எவரும் ஒருநாள் தமக்குத் தாமே எழுப்பிக்கொள்ள வேண்டிய வினாவாகும். சாம் ரெய்மி இயக்கத்தில் 2004ஆம் ஆண்டு வெளிவந்த ‘ஸ்பைடர்மேன் 2’ என்னும் அமெரிக்கத் திரைப்படத்தை இக்கட்டுரையாளர் பள்ளி மாணவனாக இருந்தபோது தமிழ் மொழிமாற்றத்தில் கண்டார். அன்று நெஞ்சைக் கவர்ந்தவை சண்டைக் காட்சிகளே. இருபது ஆண்டுகள் கடந்தபின், தமிழகத்திற்கு வெளியே ஒரு பல்கலைக்கழகத்தில் ஆசிரியப் பணியேற்று, அதற்குமுன் தொகுப்பூதியத்தில் கழிந்த ஆண்டுகளின் நினைவோடு மீண்டும் அப்படத்தைக் கண்டபோது, நெஞ்சில் நின்றது ஒரு வாடகைப் பாக்கி. இம்மாற்றத்திற்குக் காரணம் காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் கூறும் அழுகை, பெருமிதம் ஆகிய இரண்டும் இங்கு ஆய்வுக் கருவிகளாகக் கொள்ளப்படுகின்றன. அயல்நாட்டுத் திரைப்படம் ஒன்றைத் தொல்காப்பியம் முன்னரே அறிந்திருந்தது என நிறுவுவது நோக்கமன்று. பட்டியலுக்குப் பட்டியல் பொருத்திக் காட்டுவது திறனாய்வும் ஆகாது. அக்கருவி படத்தில் இதுவரை காணாத ஒன்றைக் காட்டுமாயின் மட்டுமே அதனைக் கையாளுதல் தகும்.

படமும் பின்புலமும்

ஸ்டான் லீ, ஸ்டீவ் டிட்கோ ஆகிய இருவரும் 1962இல் படைத்த பாத்திரம் ஸ்பைடர்மேன். சிலந்தி கடித்ததனால் பேராற்றல் பெற்ற பீட்டர் பார்க்கர் என்னும் மாணவன், முகமூடி அணிந்து நியூயார்க் நகர மக்களைக் காக்கிறான். 2002இல் வெளிவந்த முதற்படம் ஆற்றல் வந்த கதையைக் கூறியது. இரண்டாம் படம் ஆற்றல் போன கதையைக் கூறுகிறது. 1967இல் வெளிவந்த சித்திரக்கதை வரிசையின் 50ஆம் இதழில் பீட்டர் தன் உடையைக் குப்பைத்தொட்டியில் எறிந்துவிட்டுச் செல்லும் நிகழ்ச்சி இப்படத்தின் நடுவில் அமைந்துள்ளது. திரைக்கதையை ஆல்வின் சார்ஜென்ட் எழுதினார். டோபி மக்குவயர் பீட்டராகவும், ஆல்ஃபிரட் மோலினா அறிவியலறிஞர் ஆக்டேவியசாகவும், ரோஸ்மேரி ஹாரிஸ் பெரியம்மா மேயாகவும் நடித்தனர். சிறந்த காட்சி விளைவுகளுக்கான ஆஸ்கர் விருதையும் இப்படம் பெற்றது. எனினும் அதன் வலிமை அவ்விளைவுகளில் மட்டும் இல்லை என்பது பின்வருவனவற்றால் புலனாகும்.

அழுகையின் நிலைக்களன்கள்

இளிவு, இழவு, அசைவு, வறுமை என அழுகைக்கு நான்கு நிலைக்களன்களைத் தொல்காப்பியம் வகுக்கிறது. வீரனை மையமாகக் கொண்ட ஒரு படத்தின் முற்பகுதி முழுவதும் இந்நான்கின்மேல் எழுப்பப்பட்டிருப்பது வியப்பளிப்பதாகும்.

வறுமையே படத்தின் தொடக்கம். உணவகம் ஒன்றில் பீட்சா கொண்டுசெல்லும் பணியில் இருக்கும் பீட்டர், 29 நிமிடத்திற்குள் சேர்க்க வேண்டிய உணவை வழியில் இரு குழந்தைகளைக் காக்க நின்றதனால் காலந்தாழ்த்திச் சேர்த்து வேலையை இழக்கிறான். அவன் பிறந்தநாளன்று பெரியம்மா 20 டாலர் தருகிறார். அவரே வீட்டுக் கடனைக் கட்ட இயலாமல் வீட்டை இழக்கும் நிலையில் இருப்பதை அறிந்த பீட்டர் வாங்கத் தயங்குகிறான். அவர் வெகுண்டு, கண்ணீர் பெருக, பெற்றுக்கொள்ளுமாறு மன்றாடுகிறார். கொடுக்க இயலாமையே வறுமையின் கொடுமை. கொடுக்கும் உரிமையைத் தன்னிடமிருந்து பறித்துவிடாதே என்பதே அம்மன்றாட்டின் பொருள். பின்னர் வீடு திரும்பும் பீட்டரின் கையிலிருந்த 20 டாலரை வாடகைப் பாக்கிக்கென வீட்டு உரிமையாளர் பறித்துக்கொள்கிறார். பதினாறு வயதில் இக்காட்சி நகைச்சுவையாகத் தோன்றியது. இன்று அவ்வாறு தோன்றவில்லை.

இளிவு அடுத்தடுத்து நிகழ்கிறது. ஆற்றலிருந்தும் முயலாதவன் என ஆசிரியர் அவனைக் கடிந்துகொள்கிறார். நாளிதழாசிரியர் ஜேம்சன், ஸ்பைடர்மேனைத் தீயவனாகச் சித்திரிக்கும் செய்திக்குப் பீட்டரிடமிருந்தே நிழற்படம் வாங்குகிறார். தன்னையே இழித்துரைக்கும் தாளுக்குத் தானே படம் விற்று உண்ண வேண்டிய நிலை அவனுடையது. விருந்தொன்றில் நண்பன் ஹாரி பலர் முன்னிலையில் அவன் கன்னத்தில் அறைகிறான். இழவு என்பது பெரியப்பா பென்னின் இறப்பு. அவ்விறப்பில் தனக்குரிய பங்கைப் பீட்டர் உணவு மேசையின்முன் பெரியம்மாவிடம் ஒப்புக்கொள்கிறான். அவர் ஒரு சொல்லும் கூறாமல், பற்றியிருந்த கையை விடுவித்துக்கொண்டு எழுந்து செல்கிறார். படத்தின் மிக ஓசையடங்கிய காட்சி இதுவே.

எஞ்சியது அசைவு. முன்பிருந்த நன்னிலை கெட்டுத் தளர்தல் என்னும் பொருளில் அச்சொல் வழங்குகிறது. பீட்டரின் ஆற்றல் படிப்படியாக விலகுகிறது. நூல் வெளிப்படாமல் அவன் வீழ்கிறான். சுவரேற இயலாமல் மின்தூக்கியில், முகமூடியுடன், அயலான் ஒருவன் அருகே இறங்குகிறான். பார்வை மங்கி மீண்டும் கண்ணாடி அணிகிறான். இத்தளர்ச்சிக்கு உடல்சார்ந்த காரணம் எதனையும் படம் கூறவில்லை. அவன் காணும் மருத்துவரும் அவன் உள்ளத்தையே சுட்டுகிறார்.

இங்குதான் மெய்ப்பாடு என்னும் கருத்தாக்கம் பயன்படுகிறது. உள்ளத்தில் நிகழ்வது புறத்தார்க்குப் புலனாகுமாறு உடலில் வெளிப்படுவதே மெய்ப்பாடு. கண்ணீரும் மெய்சிலிர்ப்பும் அவ்வகையின. இப்படத்தில் ஆற்றலிழப்பே மெய்ப்பாடாகிறது. வறுமையும் இளிவும் இழவும் உள்ளத்தை அரிக்க, அவ்வரிப்பு அசைவாக உடலில் வெளிப்படுகிறது. நான்கு நிலைக்களன்களும் தனித்தனியே நிற்கவில்லை. மூன்று சேர்ந்து நான்காவதை ஈன்கின்றன. கதையின் ஓட்டைபோல் தோன்றும் காரணமின்மை உண்மையில் அதன் அச்சாணி எனலாம்.

பெருமிதத்தின் நிலைக்களன்கள்

கல்வி, தறுகண், புகழ், கொடை ஆகிய நான்கும் பெருமிதத்தின் நிலைக்களன்களாகும். இந்நான்கனுள் முதல் மூன்றையும் தலைவனிடமிருந்து படம் ஒன்றன்பின் ஒன்றாகப் பறிக்கிறது. கல்வி கைநழுவுகிறது, ஆற்றலோடு தறுகண் சாய்கிறது, புகழை நாளிதழ் சிதைக்கிறது. உடையைத் துறந்தபின் வகுப்பில் விடையளித்து நற்பெயர் பெறுகிறான். ஆயின், தெருவில் ஒருவனைச் சிலர் அடிப்பதைக் கண்டும் விலகிச் செல்கிறான். கல்வி மீண்டது, பெருமிதம் மீளவில்லை. நான்கனுள் ஒன்று மட்டும் போதுமானதன்று என்பதைப் படம் இவ்வாறு உணர்த்துகிறது.

திருப்பம் எரியும் கட்டடத்தில் நிகழ்கிறது. ஆற்றல் ஏதுமின்றி, வெறும் மனிதனாகப் பீட்டர் உள்ளே புகுந்து ஒரு குழந்தையை மீட்கிறான். மேல்தளத்தில் ஒருவர் இறந்துபோனதைப் பின்னர் அறிகிறான். வெற்றியும் தோல்வியும் ஒன்றாகக் கலந்த இச்செயலில் புகழில்லை. யாரென்றும் எவரும் அறியார். தறுகண் என்பது ஆற்றலின் விளைவு அன்று, ஆற்றலுக்கு முற்பட்டது என்பதற்கு இக்காட்சியே சான்று. இந்நிகழ்ச்சிக்குப் பின்னரே ஆற்றல் அவனிடம் மீள்கிறது.

கொடை திரும்பிவருதல்

கொடை பொருளீகை மட்டுமன்று. உயிரையும் உடம்பையும் ஈதலும் அதனுள் அடங்கும் என்பது உரைமரபு. ஓட்டம் கட்டுக்கடங்காத தொடர்வண்டியைப் பீட்டர் தன் உடலால் நிறுத்தும் காட்சி இதற்கு நேரிய எடுத்துக்காட்டாகும். முகமூடியின்றி மயங்கி விழவிருந்தவனைப் பயணிகள் தாங்கித் தலைக்குமேல் ஏந்தி உள்ளே கிடத்துகின்றனர். சிலுவையினின்று இறக்கப்பட்ட கிறித்துவின் ஓவியங்களை நினைவூட்டும் வகையில் அது படமாக்கப்பட்டுள்ளது. அவன் முகத்தைக் கண்டவர்கள், அவன் ஓர் இளைஞன், தம் மக்களையொத்த பருவத்தினன் என வியக்கின்றனர். சிறுவர் இருவர் முகமூடியைத் திருப்பித் தந்து, எவரிடமும் கூறோம் என்கின்றனர். ஆக்டேவியஸ் வந்தபோது எளிய பயணிகள் ஒருவர்பின் ஒருவராக இடையே நிற்கின்றனர். அவர்கள் வெல்லவில்லை, எளிதில் ஒதுக்கித் தள்ளப்படுகின்றனர். ஆயினும் நின்றனர்.

நாளிதழ் பறித்த புகழை இவர்கள் மீட்டுத் தருகின்றனர். அதுவும் வெளியே சொல்லாமல் காக்கும் புகழாக. புரவலன் கொடுக்க இரவலன் பெறும் ஒருவழிக் கொடை இங்குத் திசைமாறி, பெற்றவர் கொடுப்பவராகின்றனர். முற்பகுதியில் 20 டாலரைக் கொடுக்கத் துடித்த முதியவரின் கண்ணீரும் இக்காட்சியும் ஒரே கருத்தின் இரு முனைகளாகும்.

எதிர்நிலைத் தலைவன்

ஆக்டேவியசும் இழவால் உருவானவரே. சோதனை தவறியதில் மனைவி ரோசியை இழந்து, முதுகில் பற்றிய எந்திரக் கைகளின் தூண்டலுக்கு ஆட்படுகிறார். பீட்டரின் இழவு கடமையாகிறது, அவருடையது வெறியாகிறது. முடிவில் தன் கைகளைத் தானே அடக்கி, தான் ஆக்கிய எந்திரத்தை ஆற்றில் அமிழ்த்தி, அதனோடு தானும் மாய்கிறார். தன் செயலுக்குத் தானே பொறுப்பேற்கும் அம்முடிவே அவரைத் தீயவர் என்னும் நிலையினின்று உயர்த்துகிறது.

2021இல் வெளிவந்த ‘ஸ்பைடர்மேன்: நோ வே ஹோம்’ படத்தில் மோலினாவும் மக்குவயரும் மீண்டும் தோன்றினர். அதில் ஆக்டேவியசின் கழுத்திலுள்ள கட்டுப்பாட்டுக் கருவி புதிதாக மாற்றப்பட்டு அவர் நல்லவராகிறார். பழகிய முகங்களை மீண்டும் கண்ட மகிழ்ச்சி உண்மையானதே. எனினும் 2004இல் மன உறுதியால் எய்தியது, 2021இல் ஒரு கருவியால் எய்தப்பட்டது. மனமாற்றம் மருத்துவமாக மாறியபோது அவலத்தின் எடை குறைந்தது என்றே கூறவேண்டும்.

குறைகள்

மறுநோக்கில் குறைகளும் தெளிவாயின. நாயகி மேரி ஜேனுக்குத் தனி வாழ்வு உண்டு. ஆஸ்கார் வைல்டின் நாடகத்தில் அவள் நடிக்கிறாள். இரட்டைப் பெயரும் இரட்டை வாழ்வும் பற்றிய அந்நகை நாடகத்தைப் பீட்டர் காண வந்து, காலந்தாழ்ந்ததால் அரங்கினுள் அனுமதிக்கப்படாமல் நிற்பது நுண்ணிய அமைப்பாகும். ஆயின் அவளுடைய அறிவுக்கு விடாமல், அவள் நலனுக்காக எனப் பீட்டரே முடிவுகளை எடுக்கிறான். இறுதியில் அவள் வழக்கம்போல் கடத்தப்பட்டு மீட்கப்படுகிறாள். மணநாளன்று அவளே ஓடிவந்து தேர்வு தன்னுடையது என்று கூறுவது ஓரளவு ஈடுசெய்கிறது. அவனை வழியனுப்பியபின் கவலை படரும் அவள் முகத்தில் படம் முடிவதும் கருதத்தக்கது.

மற்றொரு குறை ஆழமானது. வறுமையை இவ்வளவு கூர்மையாகக் காட்டும் படம் அதற்குக் காரணமானவற்றை வினவுவதில்லை. கடன்தர மறுக்கும் வங்கியைக் கொள்ளையனிடமிருந்து காக்கும் பொறுப்பும் அக்கடன் மறுக்கப்பட்ட குடும்பத்தினனுக்கே வாய்க்கிறது. பெரியம்மா வீட்டைக் காலிசெய்கிறார். அதற்கு எவரும் விடைசொல்வதில்லை. சமூகத்தின் குறையைத் தனிமனிதனின் தியாகம் மூடிவிடுகிறது. தன்னலமின்றி உழைப்பவன் பசித்திருத்தலே அறம் என்னும் எண்ணத்திற்கு இது இடந்தரக்கூடும். தொகுப்பூதியத்தில் உழைப்போர்க்கு அவ்வெண்ணம் பலமுறை அறிவுரையாகவே சொல்லப்பட்டிருக்கிறது என்பதையும் இங்குக் குறிப்பிடுதல் தவறாகாது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், ‘ஸ்பைடர்மேன் 2’ அழுகையின் நான்கு நிலைக்களன்களையும் அடித்தளமாக்கி, அதன்மேல் பெருமிதத்தை எழுப்பிய படைப்பு என்பது பெறப்படும். ஆற்றலிழப்பை மெய்ப்பாடாகக் காணும்போது கதையின் காரணமின்மை காரணமாகத் தெளிகிறது. பெண்பாத்திரப் படைப்பிலும் சமூக நோக்கிலும் அதற்குக் குறைகள் உண்டு; அவற்றை விருப்பத்தின் பெயரால் மறைத்தல் கூடாது.

வெகுசன வடிவங்களைத் தமிழ்த்துறைகள் பெரும்பாலும் ஒதுக்கியே வந்துள்ளன. நம் இலக்கணக் கருவிகள் பழைய பனுவல்களுக்கு மட்டுமே உரியன என்றால் அவை காட்சிப்பொருள்களாகவே எஞ்சும். புதியவற்றில் ஆய்ந்து பார்க்கும்போதே அவற்றின் கூர்மை விளங்கும். தொடக்கத்தில் எழுப்பிய வினாவிற்கு விடை இதுவே: இளமையில் எழுந்த விருப்பம் பருவத்தால் எழுந்தது, இன்றும் அது நிலைத்திருப்பது படைப்பின் தகுதியால். அன்று ஆற்றலுடையவனைக் கண்டு வியந்தோம். இன்று, கையிலிருந்த 20 டாலரை இழந்தபின்னும் மறுநாள் எழுந்து சென்றவனைக் கண்டு வணங்குகிறோம்.