டெட் ஸ்டாக்

2005 ஜனவரி. வாஷிங்டனில் உள்ள லைப்ரரி ஆஃப் காங்கிரஸில் லாரி ஆப்பெல்பாம் என்பவர் பழைய டேப்புகளை டிஜிட்டலுக்கு மாற்றிக்கொண்டிருந்தார். எல்லாம் 'வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா' வானொலிக்காரர்கள் எப்போதோ பதிவு செய்து, மூட்டை கட்டிப் போட்டவை. அதில் ஒரு பெட்டி. மேலே கார்னகி ஹால் ஜாஸ் கச்சேரி என்றும், 1957 நவம்பர் 29 என்று தேதியும் எழுதியிருந்தது. ஓரமாக 'டி. மங்க்' என்று ஒரு குறிப்பு. அவ்வளவுதான்.

மனிதர் டேப்பை ஓடவிட்டார். பியானோ, தெலோனியஸ் மங்க். சந்தேகமே இல்லை. கூடவே ஒரு சாக்ஸபோன். பெட்டியில் அந்த ஆளின் பெயர் இல்லை. ஆனால் ஆப்பெல்பாமுக்குக் கேட்டதுமே தெரிந்துவிட்டது. ஜான் கோல்ட்ரேன்!

'சரி, இருக்கட்டுமே. இதற்கு ஏன் ஆச்சரியக்குறி?' என்கிறீர்களா? சொல்கிறேன்.

அந்த நாள் நியூயார்க்கில், மது விற்கிற இடங்களில் வாசிக்க வேண்டும் என்றால் போலீஸ் கொடுக்கும் 'கேபரே கார்டு' வேண்டும். 1951ல் ஒரு போதைப்பொருள் வழக்கில் மங்க்கிடமிருந்து அதைப் பிடுங்கிவிட்டார்கள். சொந்த ஊரிலேயே கிளப்பில் வாசிக்க முடியாமல் ஆறு வருடம். 1957ல்தான் கார்டு திரும்பி வந்தது. அதே வருடம் கோல்ட்ரேனை மைல்ஸ் டேவிஸ் தன் குழுவிலிருந்து விரட்டிவிட்டார். காரணம், ஹெராயின். கோல்ட்ரேன் பல்லைக் கடித்துக்கொண்டு அந்தச் சனியனை விட்டொழித்தார். ஆக, பிழைப்பு போய் மீண்டும் எழுந்த இரண்டு பேர். 1957 ஜூலையிலிருந்து 'ஃபைவ் ஸ்பாட்' என்கிற சின்ன கிளப்பில் வருடக் கடைசி வரை சேர்ந்து வாசித்தார்கள். கேட்டவர்கள் எல்லாம் வாழ்நாள் முழுக்க அதையே பேசிக்கொண்டிருந்தார்கள்.

பேச்சு மட்டும்தான். பதிவு? ஸ்டுடியோவில் இந்தக் குழு வாசித்தது மூன்றே பாட்டு. அதுவும் 1961ல்தான் வெளியே வந்தது. பிறகு 1993ல், கோல்ட்ரேனின் மனைவி நைமா 1958ல் கிளப்பில் உட்கார்ந்து வீட்டு ரெக்கார்டரில் எடுத்த டேப் ஒன்று குறுந்தகடாக வந்தது. பக்கத்து வீட்டுக் கச்சேரியைச் சுவர் வழியாகக் கேட்கிற மாதிரி இருக்கும். எங்களைப் போன்ற பைத்தியங்கள் அதற்கே கன்னத்தில் போட்டுக்கொண்டோம்.

அதனால்தான் அந்த ஆச்சரியக்குறி. 2005 செப்டம்பரில் ப்ளூ நோட் நிறுவனம் அந்த டேப்பை வெளியிட்டது. ஐம்பத்தோரு நிமிடம். நேற்று எடுத்தது போலத் தெளிவு.

அரிய பொருள் என்பதை மறந்துவிட்டு, வெறும் இசையாக அது எப்படி? இதுதான் விமரிசகன் பதில் சொல்ல வேண்டிய கேள்வி. ஏனென்றால் அரிது வேறு, நல்லது வேறு. இரண்டையும் ஒன்றாக நினைத்துத்தான் நாங்கள் எல்லாம் சம்பளத்தைத் தொலைத்தோம்.

முதல் பாட்டு 'மங்க்ஸ் மூட்'. தாளம் பிடிபடாமல், கிட்டத்தட்ட ஆலாபனை போல, பியானோவும் சாக்ஸபோனும் மட்டும் பேசிக்கொள்வது போலத் தொடங்குகிறது. மங்க் கஞ்சன். ஒரு நோட்டை வைப்பார்; அடுத்ததை வைப்பதற்குள் நமக்கே பதற்றம் வந்துவிடும். முதல் தடவை கேட்பவர்கள் 'தப்பாக வாசிக்கிறாரோ?' என்று நினைப்பார்கள். நானும் நினைத்தேன். கோல்ட்ரேன் ஊதாரி. பத்து நோட்டு போதும் என்கிற இடத்தில் நாற்பதைக் கொட்டுவார். கஞ்சனும் ஊதாரியும் ஒரே வீட்டில் குடித்தனம் நடத்தினால் எப்படி இருக்கும்? இப்படித்தான் இருக்கும். சண்டையே வரவில்லை என்பதுதான் அதிசயம். கோல்ட்ரேன் கொட்டுகிற ஒவ்வொன்றும் மங்க் விட்டுவைத்த காலியிடத்தில் போய் விழுகிறது. 'ஸ்வீட் அண்ட் லவ்லி'யைக் கேளுங்கள். மெதுவாக நடந்துகொண்டிருந்த பாட்டு, நடுவில் வேகம் இரட்டிப்பாகி ஓட ஆரம்பிக்கும். டிரம்ஸ் வாசிக்கும் ஷேடோ வில்சன் ஒரு துளி சிந்தாமல் அந்தத் திருப்பத்தைக் கடக்கிறார். 1959ல் அந்த மனிதர் இறந்தே போனார். அவர் எப்படிப்பட்ட வித்வான் என்பதற்கு இந்த டேப்பை விட நல்ல சாட்சி நான் கேட்டதில்லை.

ஆக, இது அரிதும்தான், நல்லதும்தான். எப்போதும் அப்படி அமையாது.

2018 ஜூனில் கோல்ட்ரேனின் 'போத் டைரக்‌ஷன்ஸ் அட் ஒன்ஸ்' வந்தது. அட்டையிலேயே 'தொலைந்துபோன ஆல்பம்' என்று போட்டிருந்தார்கள். 1963 மார்ச் 6ஆம் தேதி, நியூஜெர்ஸியில் ரூடி வான் கெல்டரின் ஸ்டுடியோவில் பதிவானது. நம் ரவிசங்கரின் பெயரைச் சூட்டிக்கொண்ட கோல்ட்ரேனின் மகன் ரவிதான் பாட்டுகளைத் தேர்ந்தெடுத்து வரிசைப்படுத்தியவர்களில் ஒருவர். உலகமே கொண்டாடியது. நானும் முதல் நாளே கேட்டேன். எல்வின் ஜோன்ஸின் டிரம்ஸுக்காகவே இன்னும் பத்து முறை கேட்பேன். ஆனால் ஆல்பம் என்கிறீர்களே, அது எப்படி? இதற்கு கோல்ட்ரேன் தலைப்பு வைக்கவில்லை. இரண்டு பாட்டுகளுக்குப் பெயரே கிடையாது; 11383, 11386 என்று டேப் நம்பர்தான் பெயர். 'இம்ப்ரெஷன்ஸ்' என்ற ஒரே பாட்டைத் திரும்பத் திரும்ப வாசித்துப் பார்க்கிறார்கள். இது ஒரு நாள் வேலை. மேதையின் ஒரு நாள் வேலை, ஒப்புக்கொள்கிறேன். மறுநாளே, மார்ச் 7, அதே குழு ஜானி ஹார்ட்மன் என்ற பாடகரோடு ஒரு ஆல்பத்தைப் பதிவு செய்தது. அது உடனே வெளிவந்தது. தொலையவும் இல்லை. என்னைக் கேட்டால் ஆறாம் தேதியை விட ஏழாம் தேதி உசத்தி. ஆனால் எல்லோர் வீட்டிலும் இருக்கிற ரெக்கார்டுக்கு யார் மேளம் கொட்டுவார்கள்?

இந்த இரண்டு டேப்பும் எப்படிப் பிழைத்தன என்பது தனிக் கதை. நான் பி.காம். படித்தவன் என்பதால் எனக்கு அது உறுத்திக்கொண்டே இருக்கிறது.

அந்த 1963 டேப்பின் மூலப்பிரதி ரெக்கார்டு கம்பெனியிடம் இருந்தது. 1970களில் இடத்துக்கான செலவைக் குறைக்கிறோம் என்று, வெளியிடாத டேப்புகளைத் தூக்கிப் போட்டுவிட்டார்கள் என்கிறார்கள். கணக்குப்படி பார்த்தால் தப்பே இல்லை. விற்காத சரக்கு, மாதா மாதம் வாடகை. 'டெட் ஸ்டாக்' என்று எழுதித் தள்ளுபடி செய்யச் சொல்லித்தான் எனக்கும் கல்லூரியில் சொல்லிக்கொடுத்தார்கள். பிழைத்தது, கோல்ட்ரேன் வீட்டுக்கு எடுத்துப்போன ஒரு மோனோ பிரதி. நைமாவின் குடும்பத்தார் அதைப் பத்திரமாக வைத்திருந்தார்கள்.

கார்னகி ஹால் டேப் அரசாங்கச் சொத்து. அரசாங்கம் வாடகைக் கணக்குப் பார்க்கவில்லை. அதனால் அது பிழைத்தது. உடனே 'அரசாங்கம் வாழ்க' என்று கிளம்பிவிடாதீர்கள். 47 வருடம் யாரும் அதைத் தொடவில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதற்குள் கோல்ட்ரேன் 1967ல் போய்விட்டார், நாற்பதே வயது. மங்க் 1982ல் போய்விட்டார். கம்பெனி தூக்கிப் போட்டது. சர்க்கார் மறந்து போட்டது. கேட்கிறவனுக்கு இரண்டும் ஒன்றுதான். ஒரு நாள் பெட்டியைத் திறந்த ஆளுக்குக் காது இருந்தது. கோல்ட்ரேனை நிறையக் கேட்டிருந்த காது. அது இல்லையென்றால் இதுவும் ஏதோ ஒரு மங்க் டேப் என்று மறுபடி அலமாரிக்குப் போயிருக்கும்.

காது என்றதும் டீன் பெனடெட்டி நினைவுக்கு வருகிறார். சார்லி பார்க்கர் மீது பித்துப்பிடித்த சாக்ஸபோன்காரர். 1947, 48ல் பார்க்கர் வாசித்த இடங்களுக்கு ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு போவார். பார்க்கர் வாசித்தால் ஆன் செய்வார். மற்றவர்கள் ஆரம்பித்தால் ஆஃப்! செலவு மிச்சம் பாருங்கள். 1990ல் மொசைக் நிறுவனம் அவற்றை வெளியிட்டது. கேட்டுப் பாருங்கள், பிரமிப்பாக இருக்கும். கொஞ்ச நேரத்தில் மூச்சுமுட்டும். பார்க்கர் எந்தக் கேள்விக்குப் பதிலாக அதை வாசித்தார் என்பது வெட்டப்பட்டுவிட்டது. பக்தி முற்றினால் வருகிற செவிடு இது.

பெனடெட்டியைக் கிண்டல் செய்ய எனக்கு யோக்கியதை இல்லை. என்னிடம் ஒரு ஹார்ட் டிஸ்க் இருக்கிறது. பதினைந்து வருடமாகச் சேர்த்த அரிய ஜாஸ் பதிவுகள். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கணக்குப் போட்டேன். பழக்கதோஷம். இரவு பகலாகக் கேட்டாலும் நாலு மாதத்துக்கு மேல் ஓடும். அதில் நான் முழுதாகக் கேட்டது பத்தில் ஒரு பங்குகூட இல்லை. மற்றதெல்லாம் 'என்னிடம் இருக்கிறது' என்று நண்பர்களிடம் பீற்றிக்கொள்ள மட்டுமே பயன்பட்டிருக்கிறது. ஆக நானும் ஒரு குடோன். வாடகை வாங்காத குடோன்.

அதில் பாதிக்கு மேல் இன்று உங்கள் செல்போனிலேயே கிடைக்கிறது. 2005ல் தவம் கிடந்து வாங்கிய அந்த கார்னகி ஹால் கச்சேரியும் கிடைக்கிறது. அரிது என்கிற கிரீடம் கழன்று விழுந்துவிட்டது. இனி அதற்கு இருக்கிற ஒரே மதிப்பு, யாராவது உட்கார்ந்து கேட்பதுதான்.

எனவே இந்த வாரம் ஒரு வேலை செய்யுங்கள். 'மங்க்ஸ் மூட்', எட்டு நிமிடம்கூட இல்லை. விளக்கை அணைத்துவிட்டுக் கேளுங்கள். பிடித்தால் தொடர்ந்து கடைசி வரை போங்கள். கடைசிப் பாட்டு 'எபிஸ்ட்ரஃபி', முழுதாக இல்லை. நடுவிலேயே முடிந்துவிடும். உங்கள் போனில் கோளாறு என்று நினைத்துத் தட்டிக்கொண்டிருக்காதீர்கள். டேப்பில் இருப்பதே அவ்வளவுதான்.

நான் டிஸ்க்கில் முதல் ஃபோல்டரிலிருந்து ஆரம்பித்திருக்கிறேன். ஒரு நாளைக்கு ஒன்று. பிடிக்காததை அழித்துவிடுவதாக உத்தேசம். இதுவரை ஒன்றைக்கூட அழிக்க மனசு வரவில்லை.