98.82 விழுக்காடும் ஒரு ஓம் விதியும்

2023இல் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியில் பெரம்பலூர் மாநில முதலிடம், 2024இல் அரியலூர். 2025இல் பிளஸ் டூவில் 98.82 விழுக்காட்டோடு மறுபடி அரியலூர். பின்தங்கிய மாவட்டம் என்று சொல்லிச் சலித்தவர்கள் இப்போது "எல்லாம் ஸ்பெஷல் கிளாஸ்தான்" என்கிறார்கள். கூடவே வாட்ஸ்அப்பில் ஒரு விஞ்ஞானம் சுற்றுகிறது: கவனம் என்பது டோபமைன் என்ற மூளை வேதிப்பொருள், அதைக் கூட்டினால் பிள்ளை படித்துவிடும். இரண்டையும் உரசிப் பார்க்கலாம்.

டோபமைன் பேச்சில் உண்மை இல்லாமல் இல்லை. 1979இல் பிரோசோஸ்கி குழுவினர் குரங்குகளின் முன்நெற்றிப் புறணியில் டோபமைனை வற்றச் செய்தார்கள். பிறகு ஒரு சோதனை: போன முறை எந்தப் பக்கம் தீனி எடுத்தோம் என்பதைச் சில நொடி மனதில் வைத்து, அடுத்த முறை மறுபக்கம் எடுக்க வேண்டும். அது அவற்றால் முடியவில்லை. அந்தப் பகுதியையே வெட்டி எடுத்ததற்கு ஏறக்குறைய சமமான பாதிப்பு. டோபமைனாக மாறும் எல்-டோபா மருந்தைக் கொடுத்ததும் திறன் திரும்பியது.

ஓட்டை இருப்பது 'கூட்டினால்' என்ற சொல்லில். யேல் பல்கலைக்கழகத்து ஏமி ஆர்ன்ஸ்டனின் ஆய்வுகள் சொல்வது அளவைப் பற்றி. இன்னொரு மூளை வேதிப்பொருளான நோரட்ரினலின் மிதமாகச் சுரந்தால் ஆல்பா-2ஏ ஏற்பிகளில் உட்கார்ந்து நரம்பணுக்களின் தொடர்பை இறுக்குகிறது. பயத்தில் பெருகினால் ஆல்பா-1 ஏற்பிகளைத் தொட்டு அதே தொடர்பைத் தளர்த்துகிறது. டோபமைனுக்கும் இதே கதி. பெரம்பலூர் மாவட்டம் செட்டிகுளத்து வெங்காயக்காரர்களுக்கு இது புதிதல்ல: பாத்தி காய்ந்தாலும் போச்சு, தண்ணீர் தேங்கினாலும் அழுகல்.

அரியலூர் மாவட்டம் செந்துறைப் பக்கம் ஒரு பள்ளியில் ஸ்பெஷல் கிளாஸ் பார்த்தேன். முதல் அரைமணி ஸ்லிப் டெஸ்ட்: ஐந்து கேள்வி, அங்கேயே திருத்தம். ஒரு பேனாவும் நிற்கவில்லை. பிறகு ஒருவனை எழுப்பி, "நீ ஃபெயிலானா ஸ்கூல் பேரே போச்சுடா" என்று ஆரம்பித்தார்கள். ஓம் விதி கேட்டார்கள். வாய் திறந்தது, சொல் வரவில்லை.

குரங்கின் சோதனையிலிருந்து இந்த பெஞ்சுக்கு ஒரே தாவலாகத் தாவக் கூடாதுதான். தேர்ச்சி விழுக்காடும் கவனத்தின் அளவுகோல் அல்ல; 35 மதிப்பெண் போதும் அதற்கு. இன்னொன்று, பேசப்படாதது: டைரோசினை டோபமைனாக்கும் முதல் படியின் நொதிக்கு இரும்பு வேண்டும். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வில், 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. பள்ளியில் வாரம் ஒருமுறை தரும் நீல இரும்புச்சத்து மாத்திரையைப் பையிலேயே வைத்துக்கொண்டு, மெடிக்கலில் ஞாபகசக்தி டானிக் வாங்குகிறோம். ரத்தசோகை இல்லாதவளுக்கு அந்த மாத்திரை கவனத்தைக் கூட்டும் என்று உறுதி இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆக, ஸ்லிப் டெஸ்ட் பாஸ். மிரட்டல், மூளை வேதியியலின்படி, தன் வேலையைத் தானே கெடுத்துக்கொள்கிறது. வாட்ஸ்அப் விஞ்ஞானத்துக்குப் பாதி மதிப்பெண். டானிக்குக்கு அதுவும் இல்லை.

அந்தப் பையனை உட்காரச் சொன்னார்கள். இரண்டு நிமிடம் இருக்கும். யாரும் கேட்காமலே, நோட்டின் ஓரத்தில் ஓம் விதியை முழுசாக எழுதி வைத்திருந்தான்.