அம்மன் வந்துதான் ஆக வேண்டுமா?

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் பசியாற உட்கார்ந்தால் சினிமாப் பேச்சு தப்பாது. ‘மூக்குத்தி அம்மன்’ இரண்டாம் பாகம் சுந்தர் சி கைக்குப் போனதிலிருந்து, 2020இல் வந்த முதல் படத்துக்குப் புதிதாக வக்காலத்து வாங்குகிறார்கள்: சாமியைத் தொடவில்லை, போலிச் சாமியாரைத்தான் கிழித்தது, நையாண்டி என்றால் இப்படி இருக்க வேண்டுமாம்.

கிழித்தது உண்மைதான். ஆர்.ஜே. பாலாஜியின் வாய்த்துடுக்கு சிரிக்க வைக்கிறது. ஊர்வசி இருந்தால் எந்தப் படமும் பாதி தேறிவிடும். குலதெய்வத்தை மறந்து திருப்பதிக்கு ஏங்கும் குடும்பமும் நல்ல தொடக்கம். இதற்கு மேல் பாராட்ட எனக்கு மனமில்லை.

போலிச் சாமியாரை வீழ்த்த இந்தப் படம் கையில் எடுப்பதும் அற்புதத்தையே. நாயகன் பெயர் எங்கெல்ஸ் ராமசாமி. மார்க்சின் தோழரையும் பெரியாரையும் ஒரே பெயரில் சுமப்பவனுக்கு அம்மன் நேரில் வந்து நின்றால்தான் வாதம் ஓடுகிறது. சாமியார் பாபாவுடையது பித்தலாட்டம், அம்மனுடையது நிஜம், அவ்வளவுதான். அம்மன் இறங்கி வராத ஊரில், அதாவது நாம் வாழும் ஊரில், பாபாவை எப்படிக் கேள்வி கேட்பது? படத்திடம் பதில் இல்லை. ‘ஓ மை காட்’ (2012) படத்திலும் நீதிமன்றத்தில் அத்தனை வாதாடியவன் பக்கவாதத்தில் விழ, கிருஷ்ணர் வந்துதான் எழுப்புகிறார். ‘பிகே’ (2014) அதே வேலைக்கு வேற்றுக்கிரகவாசியைக் கூட்டி வந்தது. மனிதப் புத்தியைத் தனியே நிறுத்தி ஜெயிக்க வைக்க ஒருவருக்கும் துணிவில்லை.

1952இல் இருந்தது. ‘பராசக்தி’யில் பூசாரியிடம் அம்பாள் பேசுவதுபோல் இருக்கும்; பேசியவன் சிலைக்குப் பின்னால் நின்ற குணசேகரன். கல் கல்லாகவே இருந்தது. சத்யஜித் ராயின் ‘மகாபுருஷ்’ (1965) பிரிஞ்சி பாபாவை அம்பலப்படுத்தக் கொஞ்சம் புகையும், தீப்பிடித்தது என்ற கூச்சலும் போதுமாயின. கம்யூனிசம் போனபின் தேவாலயம் மறுபடி தலைதூக்கிய வட மாசிடோனியாவிலிருந்து 2019இல் வந்த தியோனா மிதெவ்ஸ்காவின் ‘கடவுள் இருக்கிறாள், அவள் பெயர் பெத்ருன்யா’ படத்தில், ஆண்கள் மட்டும் பாய்ந்தெடுக்கும் சிலுவையைப் பெத்ருன்யா என்ற பெண் ஆற்றில் குதித்து எடுத்துவிடுகிறாள். பாதிரியாரும் போலீசும் அவளோடு மல்லுக்கு நிற்கிறார்கள். கடவுள் படத்தின் தலைப்பில் இருப்பதோடு சரி.

‘மூக்குத்தி அம்மனில்’ பாபாவின் கண் பல ஆயிரம் ஏக்கர் நிலத்தின்மேல்; தடுக்க அம்மன் இருக்கிறாள். சுபாங் ஜெயாவில் சீஃபீல்ட் மாரியம்மன் கோயிலின் நிலத்தகராறோ நீதிமன்றம் ஏறி, 2018 நவம்பரில் கலவரம் வரை போனது. அங்கே நின்றவர்கள் வக்கீல்களும் போலீசும் பக்தர்களும்தான். அப்படியொரு தோட்டக் கோயிலை வைத்து, அம்மன் வராமலே முடியும் நையாண்டியைக் கிள்ளான் பள்ளத்தாக்கில் எடுத்தால் தணிக்கை விடுமா என்பார்கள். ‘மெந்தெகா தெர்பாங்’ என்ற மலேசியப் படம் 2023இல் தடை செய்யப்பட்டதை நானும் அறிவேன். சென்னையில் உட்கார்ந்து படம் எடுப்பவர்களுக்கு அந்தச் சாக்கும் கிடையாது.