வடக்கு வீதியில் சினிமாப் பாட்டு

யாழ்ப்பாணத்துக் கோயில் திருவிழாக்களில் சுவாமி வடக்கு வீதியில் தரித்து நின்றால் சனம் மேளகாரரைச் சுற்றி வளைத்துவிடும். ராகம், கீர்த்தனை எல்லாம் முடிந்து நாதஸ்வரத்தில் ஒரு சினிமாப் பாட்டு எழும்பும்போது கைபேசிகளும் கூடவே எழும்பும். கோயிலில் இதென்ன கூத்து என்று முகம் சுளிப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. என் முறைப்பாடு வேறு: மேளகாரர் எடுத்த பாட்டை எடுத்தபடியே திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள்.

சினிமாவும் நாதஸ்வரமும் பழைய கொடுக்கல் வாங்கல்காரர். 1962இல் வந்த ‘கொஞ்சும் சலங்கை’யில் எஸ். ஜானகியின் குரலோடு காருக்குறிச்சி அருணாசலத்தின் நாதஸ்வரம் போட்டி போட்ட ‘சிங்கார வேலனே’ ஆபேரி ராகப் பாட்டு. கைதேர்ந்த வித்துவான் அதைப் பல்லவியோடு விட்டுவிட்டு ஆபேரிக்குள் இறங்குவார். ஸ்வரம் விழ விழத் தவில் பதில் சொல்லும். ராகம் என்ற பெயரே அறியாத பெடியனும் அந்தப் பத்து நிமிடம் அசையாமல் நிற்பான். இந்த வழக்கத்தின் முழு நியாயமும் அந்தப் பத்து நிமிடத்தில் இருக்கிறது.

அமெரிக்கக் கறுப்பின மக்களின் ஓர்கன் ஜாஸிலும் இதே கதைதான். 1935இல் விற்பனைக்கு வந்த ஹமொண்ட் ஓர்கனைக் குழாய் ஓர்கனுக்கு வசதியில்லாத தேவாலயங்கள் வாங்கின. அங்கிருந்து அது இரவு விடுதிக்குப் போனது. ஜிம்மி ஸ்மித் 1960இல் பதிந்து 1963இல் வெளிவந்த ‘பக் அட் த சிக்கன் ஷக்’ இசைத்தட்டில் அவருடைய புளூஸுக்குப் பக்கத்தில் 1935ஆம் ஆண்டு ஹொலிவூட் படமொன்றின் பாட்டும் இருக்கிறது. மெட்டை ஒருமுறை காட்டிவிட்டு, கிட்டத்தட்டப் பத்து நிமிடத்துக்கு ஸ்டான்லி டரன்டைனின் சக்ஸபோனும் ஓர்கனும் அதைத் தங்களுடையதாக்கிக்கொள்கின்றன.

ஆனால் ஓர்கன்காரருக்கு ஒரு வசதி: மெட்டு, சுரக்கூட்டு, அடிநாதம் மூன்றையும் இரண்டு கையும் காலுமாக ஒருவரே கொடுக்கலாம். நாதஸ்வரத்துக்கு மெட்டும் பின்னால் சுருதியும்தான். இளையராஜா அடியில் ஓடவிட்ட பேஸ் கிற்றாரில் நிற்கும் பாட்டை அதில் ஊதினால் எலும்பில்லாத உடம்புபோலத் துவள்கிறது. அந்தக் குறையை மறைக்கச் சில குழுக்கள் கீபோர்டும் ஒக்டபாட் என்ற மின்தாளக் கருவியும் சேர்க்கின்றன. நோயைவிட மருந்து மோசம்.

ஏனென்றால் அடி விழுவது தவிலுக்கு. யாழ்ப்பாணத்து மேளத்தைத் தமிழ்நாடும் எழுந்து நின்று கேட்டது தவிலால்; அளவெட்டியில் வாழ்ந்த தவில் வித்துவான் தட்சிணாமூர்த்தி (1933–1975) தாளக் கணக்கில் காட்டிய வித்தையை இன்றும் பழைய ஒலிப்பதிவுகளில் கேட்கலாம். அந்தப் பரம்பரையில் வந்த நாலு தவில்காரர் வரிசையாக நின்று ஒக்டபாட்டின் தாளத்துக்கு ஒரே அடியை அடிப்பதைப் பார்க்கச் சகிக்கவில்லை. தவில்காரர் மாறி மாறி வாசிக்கும் தவிற் சமா வரும்வரை அவர்களுக்கு வேலையே இல்லை.

வித்துவான்களை மட்டும் குறை சொல்வது நியாயமல்ல. அன்றைய திருவிழாவை ஏற்ற உபயகாரர் காசு கொடுக்கிறார், பாட்டுக் கேட்கிறார். மூன்று நிமிடத் துண்டு யூடியூப்பில் ஓடினால் லண்டன், ரொறன்ரோ கோயில்களிலிருந்து அழைப்பு வரக்கூடும். ஆபேரி ஆலாபனைக்கு அந்த யோகம் குறைவு. பாட்டைக் கேட்டு ஆசைப்பட்டு நாதஸ்வரம் பழக வரும் பிள்ளைகளையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஆகவே பாட்டை நிறுத்தச் சொல்லவில்லை. எட்டுப் பாட்டுக் கேட்கும் உபயகாரர் இரண்டு கேட்கட்டும். இரண்டாவதற்கு அரை மணித்தியாலம் விடட்டும். ஒக்டபாட்காரரை அன்றைக்கு வீட்டில் நிற்கச் சொல்லட்டும்.