ஆய்வக மின்சாரமும் ஃபீடர் மின்சாரமும்

ஓசூரில் ஏத்தரும் டிவிஎஸ்ஸும், போச்சம்பள்ளியில் ஓலாவும் மின்ஸ்கூட்டர் செய்கின்றன. கிருஷ்ணகிரியில் டெல்டாவின் ஆலை பவர் எலெக்ட்ரானிக்ஸ் கருவிகள் செய்கிறது. சார்ஜர், மோட்டார் கன்ட்ரோலர், இன்வெர்ட்டர் எல்லாவற்றுக்கும் உள்ளே ஒரே வேலைதான்: நொடிக்குப் பல்லாயிரம் முறை திறந்து மூடும் சுவிட்சுகள் மின்சாரத்தை நறுக்கி உருமாற்றுகின்றன. இவற்றை மின்கட்டமைப்பில் இணைக்குமுன் கணினியில் சோதிப்பது இன்று தவிர்க்க முடியாத வழக்கம். ஆனால் அந்தச் சோதனைக்கு நாம் தரும் நம்பிக்கை அதன் தகுதிக்கு மீறியது என்பேன்.

தகுதி பெரிதுதான். ஹெர்மன் டோமெல் 1969இல் வெளியிட்ட கணக்கீட்டு முறையின் வழிவந்த மென்பொருள்கள் இன்று ஏறத்தாழ 50 மைக்ரோநொடிக்கு ஒருமுறை மின்கட்டமைப்பின் நிலையைக் கணித்துவிடுகின்றன. நிஜக் கன்ட்ரோலர் அட்டையை அந்தக் கற்பனைக் கட்டமைப்போடு இணைத்து, மின்னழுத்தத்தைச் சட்டென 15 விழுக்காட்டுக்கு இறக்கிப் பார்க்கலாம். அப்படி இறங்கினாலும் பெரிய காற்றாலை நிலையங்கள் 300 மில்லிநொடி தாக்குப்பிடிக்க வேண்டும் என்பது மத்திய மின்சார ஆணையத்தின் விதி. ஓடுகிற மின்கட்டமைப்பில் இதை ஒத்திகை பார்க்க முடியாது. எல்லைக்கு அப்பால் கோலாரில் முடியும் தால்ச்சர் நேர்மின் தடம் 2003இல் 2,000 மெகாவாட் திறனோடு ஓடத் தொடங்கியது. அதன் ஒரு துருவம் விழுந்தால் தென்மாநிலங்களில் எந்தச் சுமையைக் கழற்றுவது என்பதை அந்த நொடியில் யோசிக்க அவகாசம் இல்லை. கணக்குகள் முன்பே முடிந்திருக்க வேண்டும்.

குறை வேறிடத்தில். 2016 ஆகஸ்டில் கலிஃபோர்னியாவில் காட்டுத்தீயால் மின்தடங்களில் பழுது ஏற்பட, ஏறத்தாழ 1,200 மெகாவாட் சூரிய மின்சாரம் நின்றுபோனது. சிதைந்த அலையை அளந்த பல இன்வெர்ட்டர்கள் அதிர்வெண் வீழ்ந்ததாகத் தவறாகக் கணக்கிட்டுத் தாமே விலகின. உண்மையில் அதிர்வெண் அவ்வளவு இறங்கவே இல்லை. திட்டமிடலில் வழக்கமான கணினி மாதிரிகள் அலையின் சிதைவைக் கணக்கில் கொள்வதில்லை. இன்வெர்ட்டர் எதைப் பார்த்து ஏமாந்ததோ அது அவற்றில் இருக்கவே இல்லை. கேளாத கேள்விக்கு மாதிரி பதில் சொல்லாது.

இன்னொரு தடை, பூட்டிய பெட்டி. தயாரிப்பாளர்கள் கட்டுப்பாட்டு நிரலைத் திறந்து காட்டுவதில்லை. தொழில் ரகசியம் காக்க வேண்டியதே. ஆனால் பத்துக் கம்பெனிகளின் இன்வெர்ட்டர்கள் ஒரே ஃபீடரில் சேரும்போது ஒன்றையொன்று எப்படி அலைக்கழிக்கும் என்பதைத் தனித்தனிச் சான்றிதழ்கள் சொல்லிவிடாது.

ஆய்வகத்தில் மின்மூலம் பெரும்பாலும் தூய சைன் அலை. சிப்காட் தொழிற்பேட்டை ஃபீடரிலோ வெல்டிங், உலை, கம்ப்ரஸர், சார்ஜர் எல்லாம் ஒரே கம்பியில். ஓசூர்த் துணைமின் நிலையங்களில் அலைப்பதிவுக் கருவி வைத்து, பழுது நேரத்து அலைகளை அப்படியே சேமித்து, சோதனை மேடையில் திரும்ப ஓட்ட வேண்டும். 1960இல் தொடங்கிய மத்திய மின் ஆராய்ச்சி நிறுவனம் பெங்களூரில் இருக்கிறது; ஓசூரிலிருந்து சுமார் நாற்பது கிலோமீட்டர். மின்வாரியம் பதிவுகளைத் தர வேண்டும், ஆலைகள் நிரலின் நடத்தையையாவது அந்த ஆய்வகத்துக்குக் காட்ட வேண்டும். அதுவரை களப்பதிவோடு ஒப்பிடாத எந்தச் சோதனை அறிக்கையையும் முழு அறிக்கையாக ஏற்கக் கூடாது.