மனைவி என்னும் சொல்

ஆங்கிலத்தில் ‘ஒய்ஃப்’ என்றால் முன்பு வெறும் பெண் என்றே பொருள். பேறுகாலம் பார்க்கும் ‘மிட்வைஃப்’பில் அது இன்னும் ஒட்டியிருக்கிறது. எங்கள் புதுச்சேரியில் ஆட்சிமொழியாக இருந்த பிரெஞ்சில் இன்றும் ‘ஃபாம்’ என்ற ஒரே சொல் பெண்ணையும் மனைவியையும் குறிக்கும். ஆணுக்கும் கணவனுக்கும் மட்டும் தனித்தனிச் சொற்கள்.

தமிழிலோ அவள் வீட்டோடு பிணைக்கப்படுகிறாள்: மனைவி, இல்லாள், இல்லத்தரசி, வீட்டுக்காரி. ‘இல்லாள்’ வீட்டுக்கு உரியவள். ‘இல்லான்’ என்றால் ஏதுமற்றவன். ‘வீட்டுக்காரர்’ என்றால் கணவர்; வாடகை வாங்கும் உரிமையாளரும் அவரே.

இவ்வூரில் பிறந்த பாரதிதாசன் (1891–1964) கைம்பெண் மறுமணத்தையும் கருத்தடையையும் பாடியவர். அவரது ‘குடும்ப விளக்கு’ நாயகி தங்கம் விடியலில் எழுந்து வீட்டுவேலை அனைத்தையும் முடித்துக் கடை வணிகமும் பார்க்கிறாள். வாசிக்கையில் எனக்கு மூச்சு வாங்குகிறது. ஒவ்வொரு வேலையையும் விடாமல் எழுதியது கவிஞரின் நேர்மை. வீட்டுவேலை மட்டும் செய்யும் பெண்களை 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்புகூட ‘வேலை செய்யாதோர்’ என்றே எண்ணியது. ஆனால் இத்தனையும் செய்பவளுக்கு அவர் சூட்டிய பெயர் விளக்கு. உழைப்பாளி என்ற சொல் அப்போதும் தமிழில் இருந்தது.