செம்மீன்: கரையின் தராசு

தகழி சிவசங்கரப் பிள்ளை 1956இல் மலையாளத்தில் எழுதிய ‘செம்மீன்’ புதினத்தைச் சுந்தர ராமசாமியின் தமிழாக்கத்தில் மீண்டும் படித்தேன். கடலுக்குச் சென்ற கணவனின் உயிர், கரையிலிருக்கும் மனைவியின் கற்பில் அடங்கியுள்ளது என்பது அக்கதை மாந்தரின் நம்பிக்கை. கருத்தம்மா தன் பழைய காதலன் பரீக்குட்டியைச் சந்திக்கும் இரவில், அவள் கணவன் பழனியைச் சுறா சுழலுக்குள் இழுத்துச் செல்கிறது. ஆகவே, புதினம் அந்நம்பிக்கையை மெய்ப்பிக்கிறது என்பாருண்டு.

எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. பழனி அன்று தனியே கடலில் இருந்தது ஏன்? மனைவியைப் பற்றிய வதந்தியால் ஊரார் அவனைத் தோணியில் சேர்க்க மறுத்திருந்தனர். அவன் சாவில் கரையின் நாக்குக்கும் பங்குண்டு. பரீக்குட்டியிடம் பெற்ற கடனைத் திருப்பித் தராமல் இழுத்தடித்த தந்தை செம்பன்குஞ்ஞின் பேராசையை, மகளின் மனத்தை நிறுத்த அதே தராசில் எவரும் வைக்கவில்லை.

சீலோவாம் கோபுரம் விழுந்து மடிந்த 18 பேரும் மற்றவர்களைவிடப் பெரும் குற்றவாளிகள் அல்லர் என்றார் ஆண்டவர். துன்புற்றவரிடமே பாவத்தைத் தேடும் வழக்கத்தை அவர் ஏற்கவில்லை.

கடலில்லாத நம் தருமபுரி மாவட்டத்திலும் அத்தராசு உண்டு. 2012 நவம்பரில், ஒரு பெண் சாதி கடந்து மணம் புரிந்ததை அடுத்து, நத்தம் உள்ளிட்ட மூன்று தலித் குடியிருப்புகளில் வீடுகள் கொளுத்தப்பட்டன. குலத்தின் மானம் முழுவதும் ஒரு பெண்ணின் தலையில் ஏற்றப்பட்டது.

கருத்தம்மாவுக்காகக் கண்ணீர் விடுவது எளிது. பழனியை ஏற்ற மறுத்த தோணியில் நமக்கும் இடமுண்டா என்று கேட்டுப் பார்ப்பதே இப்புதினத்தை உண்மையாக வாசிப்பதாகும்.